மடுல்சீமைக்குப் போன கசெட்

எழுபத்தொன்பதாம் ஆண்டில் பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் எனக்கொரு ரேடியோ திருத்தும் கடை இருந்தது. அதன் மேல்மாடி அறையை நான் ஸ்டூடியோ என்பேன். வாப்பா சாக்கு அறை என்பார். அவர் சொன்னதுதான் பொருத்தம். அரிசிக் கடைகளில் வாங்கிய சாக்குகளை நான்கு சுவரிலும் இரண்டு அடுக்காக அடித்திருந்தேன், எதிரொலி அடங்குவதற்காக. பழைய ரேடியோக்களின் உறுப்புகளைக் கொண்டு நானே கட்டிய மிக்ஸர் ஒன்று, என் மூத்த நானா, அதாவது அண்ணன், குவைத்திலிருந்து கொண்டுவந்த கசெட் டெக் இரண்டு, மூன்று மைக், ஒரு கிட்டார். கூரை தகரம். மழை பெய்தால் பதிவை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மாதத்துக்கு ஒரு கசெட் தயாரித்து எட்டு நண்பர்களுக்குத் தபாலில் அனுப்புவேன். எனக்குப் பிடித்த குழுக்களின் பாட்டுகளைத் தேடிப் பிடித்து அதில் பதிவேன். திருகோணமலையில் அண்ணன் தம்பி மூவர் நடத்திய ஒரு பொப் குழு, கொட்டாஞ்சேனையில் அக்கோடியனை வைத்துக்கொண்டு கலக்கிய ஒரு பைலா கோஷ்டி, இப்படி. ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் வானொலி அறிவிப்பாளர் மாதிரி பேசுவேன். இந்த இடத்தில் பேஸ் கிட்டாரைக் கவனியுங்கள், இங்கே பாடகர் மைக்கை விட்டு விலகிவிட்டார், என்றெல்லாம். கடைசியில் நானே எழுதி, நானே இசையமைத்து, நானே பாடிய ஒரு பாட்டு வரும். நண்பர்களும் தங்கள் கசெட்டுகளை எனக்கு அனுப்புவார்கள். பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருந்த அலவி இவர்களில் எனக்கு மிக நெருக்கம். “ஹுமைத், பாட்ட விட ஒன்ட பேச்சுதான் ஜோர்,” என்பான். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மடுல்சீமைத் தோட்டமொன்றிலிருந்து மூன்று பேர் படியேறி வந்தார்கள். முன்னால் வந்தவர் மாடசாமி. ஐம்பது வயதிருக்கும். துணியில் சுற்றிய ஹார்மோனியத்தைத் தோளில் வைத்திருந்தார். அவருக்குப் பின்னால் தப்பு மேளத்தோடு இராமையா. கடைசியாக அவனுடைய அக்கா ரெங்கம்மா, கையில் ஒரு பை நிறைய மரத்தக்காளியோடு. அதை என்னிடம் நீட்டிவிட்டுக் கதவோரமாக நின்றுகொண்டார்.

“தோட்டத்துல கல்யாணம், திருவிழான்னா நாங்கதாங்க பாடுறது,” என்றார் மாடசாமி. “இவனுக்கு ஒப்பந்தத்துல இந்தியப் பாஸ்போட்டு வந்திருச்சு. வார மாசம் சம்சாரத்தோட இந்தியாவுக்குப் போறான். ரெங்கம்மாவுக்கு இங்கதான் பிரசாவுரிமை. இனி இவங்க சேந்து பாடுறதுங்கிறது நடக்காது. ஒரு கசெட்டுல புடிச்சுக் குடுத்தீங்கன்னா அவன் கையோட கொண்டு போவான்.”

மழை விட்ட நேரமாகப் பார்த்து ஆறு பாட்டுப் பதிந்தோம். தப்பின் சத்தம் அந்தச் சின்ன அறைக்கு அதிகம். இராமையாவைப் படிக்கட்டில் உட்காரவைத்து, கதவைப் பாதி சாத்தி, மைக்குக்கு ஒரு துவாயைச் சுற்றினேன். ரெங்கம்மாவுக்கு மைக் புதிது. ஒவ்வொரு அடிக்கு முன்னாலும் மூச்சைச் சத்தமாக உள்ளே இழுப்பார். “முகத்தக் கொஞ்சம் திருப்பி மூச்சு எடுங்க,” என்று சொல்லிக் கொடுத்தேன். தலையாட்டுவார். பாட ஆரம்பித்ததும் மறந்துவிடுவார்.

நாலாவது பாட்டு அவரே கட்டியது. தம்பிக்குப் பாஸ்போட் வந்த கிழமையில் கொழுந்து பறித்துக்கொண்டே கட்டினாராம்.

*வழியனுப்ப வந்தவக வழியிலயே நிக்கிறாக,*
*வாய்தெறந்து சொல்லுமுன்னே வண்டி மறஞ்சு போகுதே.*

அவர் ‘வளியனுப்ப’ என்றுதான் பாடினார். மலையில் அநேகம் பேருக்கு அப்படித்தான் வரும். பாடும்போது தம்பி இருந்த பக்கம் திரும்பவே இல்லை. பாட்டு முடிந்த பிறகும் நான் டெக்கை நிறுத்த மறந்து உட்கார்ந்திருந்தேன். அந்த நாடாவில் பாட்டின் முடிவுக்குப் பின் அரை நிமிடம் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் இருக்கிறது.

மறுநாள் பின்னேரம் பிரதி எடுத்தேன். ஆறு பாட்டுக்குப் பிறகு நாடாவில் இடம் மிஞ்சியதால் என்னுடைய பாட்டொன்றையும் பதிந்தேன். மலையில் இன்னும் நாலு பேர் கேட்கட்டும் என்றுதான். பிறகு முதலிலிருந்து போட்டுக் கேட்டேன். என் பாட்டில் எல்லாம் சரியாக இருந்தது. சுருதி சரி, உச்சரிப்பு சரி, ஒலியளவு சரி. ஆனால் ரெங்கம்மாவுக்குப் பிறகு அதைக் கேட்டபோது, யாருக்கோ வந்த கடிதத்தைத் தபால்காரர் வாசித்துக் காட்டுவது போலிருந்தது.

அதை நான் ஒப்புக்கொண்டிருக்கலாம். அதற்குப் பதிலாக, அலவிக்கென்று, என் பாட்டையும் சேர்த்தே, இன்னொரு பிரதி எடுத்தேன். அதில் ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் பேசினேன்.

“அடுத்து வருவது மடுல்சீமைக் கொழுந்துக் கோஷ்டி. பாடகி காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு நேரே மைக்குக்கு வந்திருக்கிறார். மூச்சு வாங்குவதைக் கவனியுங்கள், பசறை மலையில் ஏறும் பஸ் நினைவுக்கு வரும்.” நாலாவது பாட்டுக்கு முன்னால் இப்படி: “இந்தப் பாட்டில் ரெங்கம்மா வளியனுப்புகிறார். வளி என்றால் காற்று, நேயர்களே. யாரைக் காற்றில் அனுப்புகிறார் என்று நமக்குத் தெரியாது. ழகரத்தைக் கொழுந்தோடு சேர்த்துக் கூடையில் போட்டுவிட்டார் போலிருக்கிறது.” இராமையாவின் தப்பைத் தகர டின் என்றேன். பேசும்போது நானே இரண்டு தரம் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பும் பதிவாகியிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாடசாமி கசெட்டை வாங்க வந்தார். பசறை பஸ் புறப்படும் நேரம். குடையை மடக்காமல் கடை வாசலிலேயே நின்றார். மேசையில் ஒரே மாதிரி உறையில் இரண்டு கசெட் இருந்தன. இரண்டின் மீதும் மடுல்சீமை என்றுதான் எழுதியிருந்தேன். ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். மற்றதை அன்றைக்கே அலவிக்குத் தபாலில் சேர்த்தேன்.

“ஸ்டோர்க்காரர் வீட்டுல கசெட் போடுற பெட்டி இருக்கு. இராமையா போறதுக்கு மொத நா லயத்துல எல்லாருமா ஒக்காந்து கேக்கப் போறோம்,” என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்கு ஓடினார்.

இந்தியாவுக்குப் போகிறவர்கள் பதுளையில்தான் ரயில் ஏற வேண்டும். தகரப் பெட்டிகளும் பாய்ச்சுருட்டுமாக அவர்கள் கூட்டமாகப் போவதைக் கடையிலிருந்தே பார்க்கலாம். போகிற அன்று வந்து சொல்லிவிட்டுப் போவதாக இராமையா சொல்லியிருந்தான். அவன் வரவில்லை. பெட்டி படுக்கையோடு அலைகிறவனுக்கு எங்கே நேரம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு அலவி வந்தான். வந்ததும் வராததுமாக, “யாருடா அந்தப் பொம்புள?” என்றான்.

“எந்தப் பொம்புள?”

“நீ அனுப்பின கசெட்ல பாடுறவ. நாலாவது பாட்ட எத்தின தரம் கேட்டனோ தெரியா. என்ட உம்மா அழுதிட்டா. நீ ஒண்டும் பேசாம பாட்ட மட்டும் அனுப்பினது நல்லம் மச்சான். அதுக்குப் பொறகு ஒன்ட பாட்டு வருது. அதத்தான் கேக்க ஏலாமப் போச்சி.”

பேசாமல் பாட்டை மட்டும் அனுப்பினது. அந்த வார்த்தை புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அலவிக்குப் போயிருந்தது சுத்தமான பிரதி. அப்படியானால் மடுல்சீமைக்குப் போனது மற்றது.

அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்ன பேசினேன் என்பதையும் சொன்னேன். எதற்கும் சிரிக்கிறவன், அதற்குச் சிரிக்கவில்லை. “தகர டின்னா சொன்ன?” என்று மட்டும் கேட்டான். பிறகு, “நீ போய்ப் பேசோணும்,” என்றான்.

நான் போகவில்லை. ஸ்டோர்க்காரர் வீட்டுப் பெட்டி பழுதாகியிருக்கலாம், அன்று மழையாக இருந்திருக்கலாம், கேட்டிருந்தாலும் சத்தத்தில் என் பேச்சு விளங்கியிருக்காது என்று ஒவ்வொரு நாளும் ஒன்றைச் சொல்லிக்கொண்டேன். என் பதிவுகளில் பேச்சு எவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? இரண்டு ஞாயிறு போயின. தோட்டத்து ஆள் யாராவது ரேடியோவைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தால் எழுந்து உள்ளே போனேன். மூன்றாவது ஞாயிறு, அலவி திருப்பிக் கொடுத்திருந்த சுத்தமான கசெட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

பசறையில் பஸ் மாறி மடுல்சீமையில் இறங்கி, அங்கிருந்து தோட்டப் பாதையில் மூன்று கட்டைத் தூரம் நடந்தேன். தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்து வாசலில் மாடசாமி விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கோடரியைக் கீழே வைத்துவிட்டு, “வாங்க தம்பி, வாங்க,” என்றார். பக்கத்துக் குடும்பத்தின் காம்பிராவிலிருந்து ஒரு நாற்காலி வந்தது. தேத்தண்ணி வந்தது. கடை எப்படி, வாப்பா சுகமா என்று விசாரித்தார். ஏசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அண்ணே, அந்தக் கசெட்டு,” என்று தொடங்கினேன்.

“அத இராமையா கொண்டு போயிட்டான்.”

“கேட்டீங்களா?”

“கேட்டோம். லயமே கேட்டுச்சு.” அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். “மொதல்ல நம்ம தோட்டத்துப் பேரு, நம்ம ஆளுக பேரு பெட்டியில வருதுன்னு எல்லாரும் கைதட்டுனாங்க. ரேடியோவுல சொல்ற மாதிரியே இருந்துச்சுங்க. கொஞ்ச நேரம் போகத்தான் வெளங்குச்சு. அப்புறம் ஒவ்வொருத்தரா பேச்ச நிறுத்திட்டாங்க.”

“அதத் தூக்கிப் போட்டிருக்கலாமே. இராமையா ஏன் கொண்டு போனான்?”

மாடசாமி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “அவன் அக்கா கொரல் அதுலதானே இருக்கு. வேற எதுல இருக்கு?”

கையிலிருந்த தேத்தண்ணியைக் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. எங்கோ ஓர் ஊரில் அவன் அக்காவின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் முதலில் என் கேலியைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் கேட்க வேண்டும்.

அன்று ஞாயிறாக இருந்தும், அன்றன்றே கிடைக்கும் கைக்காசுக்குக் கொழுந்து எடுத்தார்கள். ரெங்கம்மா வந்து கூடையை இறக்கிவிட்டு, என்னைப் பார்த்து ஒரு கணம் நின்றார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“நானா, இப்ப எனக்கு அந்த எழுத்து வருது,” என்றார். “பள்ளிக்கூடத்து வாத்தியார் கிட்ட கேட்டு நாக்க மடிச்சுப் பழகினேன். மூச்சும் இப்ப வெளிய கேக்காது. பாடிக் காட்டவா?”

வேண்டாம் என்று சொல்வதற்குள் பாடத் தொடங்கிவிட்டார். அதே பாட்டு. வழியனுப்ப என்று ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கவனித்துக்கொண்டு பாடினார். மூச்சை எங்கே எடுக்கிறார் என்று தெரியவே இல்லை. அடியின் முடிவுக்கு வரும்போது குரல் மெலிந்து தொண்டைக்குள்ளேயே நின்றது. கண் மட்டும் என் முகத்தில் இருந்தது. பரீட்சையில் உட்கார்ந்த பிள்ளையைப் போலப் பாடினார். அந்த அறையில் பாட்டு முடிந்த பிறகும் என்னை உட்காரவைத்த எதுவும் அதில் இல்லை. அதைத் திருத்தி எடுத்துவிட்டிருந்தார், என் பேச்சைக் கேட்டு.

“இப்ப சரியா நானா?”

சரி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

“இல்ல,” என்றேன். “மொதல்ல பாடினதுதான் சரி. அதுல ஒரு பிழையும் இல்ல.”

“அப்ப எதுக்குச் சிரிச்சீங்க?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். மாடசாமியும் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் காம்பிரா வாசல்களிலும் ஆட்கள் நின்றார்கள்.

“ஒங்கட பாட்டுக்குப் பக்கத்துல என்ட பாட்டு நிக்கல,” என்றேன். “அது எனக்குத் தெரிஞ்சிச்சி. கேக்கிறவங்களுக்கும் தெரிஞ்சிரும்னு பயந்தேன். அவங்க மொதல்ல சிரிச்சிட்டாங்கன்னா, பொறகு ஒங்கட பாட்ட ஒழுங்காக் கேக்க மாட்டாங்க. அதுக்காகத்தான் அப்படிப் பேசினேன்.”

“அதுக்கா?” என்றார் ரெங்கம்மா. “பொறாமைன்னு தெரிஞ்சிருந்தா அப்பவே விட்டிருப்பேன். நான் நெசமாவே தப்பாப் பாடிட்டேன்னு நெனச்சு, போற அன்னைக்கு அவனோட சரியாப் பேசக்கூட இல்ல. என்னால அவன் ஊருக்கு முன்னாடி அவமானப்பட்டுட்டான்னு இருந்தேன்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. சட்டைப்பையிலிருந்த கசெட்டை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“இத எனக்கு எதுக்கு? எனக்குச் சொன்னத அவனுக்குச் சொல்லுங்க. அவன் கேக்கிற மாதிரி, உங்க வாயாலயே சொல்லுங்க. அதுக்குப் பொறவு பாட்டப் போட்டு அனுப்புங்க.”

மாடசாமி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருந்த முகவரியைக் கொடுத்தார். இராமையாவின் மாமனார் வழிச் சொந்தம், துறையூர்ப் பக்கம் ஒரு கிராமம்.

எத்தனையோ கசெட்டில் சளைக்காமல் பேசினவன் நான். அந்த நாலு நிமிடப் பேச்சைப் பதிய எனக்கு மூன்று நாள் பிடித்தது. முதல் தடவை குரலில் அறிவிப்பாளர் வந்துவிட்டார். அழித்தேன். இரண்டாம் தடவை அழுகை வந்தது. அது இன்னும் மோசமான நடிப்பாகப் பட்டது. அதையும் அழித்தேன். கடைசியில், கடையில் ஆளிடம் பேசுவது போல, “இராமையா, நான் பதுளை ஹுமைத் பேசுறேன்,” என்று தொடங்கி, செய்ததையும் ஏன் செய்தேன் என்பதையும் சொல்லி முடித்தேன். தப்பைப் பற்றிச் சொன்னது பொய் என்றேன். பிறகு ஆறு பாட்டையும் பதிந்தேன். என்னுடையதைச் சேர்க்கவில்லை. தையில் பார்சல் அனுப்பினேன்.

வைகாசியில் அது திரும்பி வந்தது. மேலே இந்தியத் தபால் முத்திரையும், அந்த முகவரியில் ஆள் இல்லை என்ற குறிப்பும் இருந்தன. கட்டிய நூல்கூட அவிழவில்லை.

அதையும் எடுத்துக்கொண்டு மடுல்சீமைக்குப் போனேன். ரெங்கம்மா பார்சலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்டோர்க்காரர் வீட்டுக்கு ஆளனுப்பிப் பெட்டியை வரவழைத்தார். பட்டப்பகல், ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குக் கேட்டவர்கள் எல்லோரும் வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். எனக்கு மறுபடியும் அந்த நாற்காலியைப் போட்டார்கள். நான் அதில் உட்காராமல் சுவரோரமாக நின்றேன்.

என் குரல் வந்தது. பொறாமை என்ற சொல் வந்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி பெட்டியைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. யாரும் பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. நாலு நிமிடம் அவ்வளவு நீளமாக இருக்கும் என்று பதியும்போது தெரியவில்லை. பிறகு பாட்டுகள் வந்தன. படிக்கட்டில் அடித்த இராமையாவின் தப்பு கேட்டதும் பெண்களில் சிலர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். ரெங்கம்மா தன் குரலைத் தலை குனிந்து கேட்டார். முடிந்ததும் கசெட்டை எடுத்து முந்தியில் முடிந்துகொண்டார்.

“இது என் கிட்ட இருக்கட்டும். அவன் எங்க இருக்கான்னு தெரிஞ்சா நானே அனுப்பிக்கிறேன்.”

“இன்னொருக்கா ஸ்டூடியோவுக்கு வந்து பாடுவீங்களா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“இல்லங்க நானா,” என்றார். “இங்க பாடிக்கிறேன்.” மரியாதையாகத்தான் சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எனக்கு நினைவூட்டியதும் அவர்தான்.

அதன் பிறகும் நான் மாதக் கசெட் அனுப்பினேன். ஆனால் பேசுவதை விட்டுவிட்டேன். குழுவின் பெயர், பாடுகிறவர் பெயர், ஊர், அவ்வளவுதான். இரண்டு நண்பர்கள் சலித்துப்போய் நிறுத்திக்கொண்டார்கள். எனக்கென்று பாட்டு எழுதுவதும் மெல்லக் குறைந்தது. திருத்துகிற வேலை கைவசம் இருந்ததால் பிழைத்துக்கொண்டேன்.

எண்பத்திரண்டில் ஒருநாள் ரேடியோவுக்குப் பற்றரி வாங்க மாடசாமி கடைக்கு வந்தார். இராமையா கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில்தான் வேலையில் இருக்கிறான் என்றும், ஒருவழியாகக் கடிதம் வந்தது என்றும், ரெங்கம்மா கசெட்டை அனுப்பி அது போய்ச் சேர்ந்துவிட்டது என்றும் சொன்னார்.

“கேட்டானாமா?” என்றேன்.

“கேட்டானாம்.”

“என்ன எழுதியிருந்தான்?”

அவர் பற்றரிகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார்.

“அது அக்காவுக்கும் தம்பிக்கும் உள்ளது தம்பி,” என்றார். “நான் கேட்டுக்கல.”

நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. அவர் குடையை விரித்துக்கொண்டு பசறை பஸ் நின்ற பக்கமாக நடந்தார்.